அவஸ்தை வண்டி

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருக்குத் தாடைக்கட்டு கட்டி முடித்திருந்தார்கள்.

செம்பாக்கத்தில் ஒரு மத்தியானம். முன்னறை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் இரண்டு மெழுகுவர்த்திகள். ஃபேன் காற்றில் அவை அணைவதும், ஒரு பெண்மணி திரும்பத் திரும்பப் பற்றவைப்பதுமாக இருந்தது. ஃபேனை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே அடுப்பில் பருப்பு அடிபிடிக்கும் வாசனை.

எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் மரியநாதன் கையில் எண்ணெய்ச் சிமிழோடு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் நான். காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ததில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இறந்தவரின் மூத்த மகன் எழுந்து வந்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஃபாதருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“கொஞ்சம் முன்னாடிதான் சாமி. சாமி வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டுக்கினே இருந்தாரு.”

இந்தத் தொடரில் கோயில் மணியைப் பற்றி எழுதிய அத்தியாயத்தில் ஃபாதர் மரியநாதனைப் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அவருக்கென்று ஒரு வாரம் முழுதாக ஒதுக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. காரணம், அவருடைய கார்.

இதைப் படிக்கிற எல்லாரும் எங்கள் வேதக்காரர்கள் இல்லை என்பதால் ஒரு விளக்கம். எங்களில் ஒருவர் சாகக் கிடந்தால் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார், அதாவது செய்த பாவங்களை நோயாளி அவரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புப் பெறுவார். பிறகு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் மந்திரித்த எண்ணெய் பூசுவார். இப்போது அதற்கு ‘நோயில் பூசுதல்’ என்று இதமான பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது நாங்கள் ‘அவஸ்தை பூசுதல்’ என்றுதான் சொல்வோம். ‘அவஸ்தை’ என்றாலே போதும், எல்லோருக்கும் புரியும். உயிர் இருக்கும்போது செய்ய வேண்டிய காரியம் அது. அதில் இருக்கிற ஒரே சிக்கலும் அதுதான்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. போகும்போதும் அதே கேட்தான் எங்களை நிறுத்தியது. ஃபாதர் எஞ்சினை அணைத்துவிட்டு நீளமான கூட்ஸ் வண்டி ஒன்றைக் கடைசிப் பெட்டி வரை பார்த்தார்.

“அந்தோணி, இந்தக் கேட்டை நம்மால மாத்த முடியுமா?”

“முடியாது சாமி.”

“ரோட்டை?”

“அதுவும் முடியாது.”

“அப்ப காரைத்தான் மாத்தணும்.”

புதுக் கார் வாங்கப் போகிறார் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அவர் சொன்னது அதுவல்ல.

எங்கும் போகாத எஞ்சின்கள்

என்னை ஏன் கேட்டார் என்று சொல்ல வேண்டும்.

நான் அப்போது ஒரு வண்டிக் கம்பெனியில் எஞ்சின்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். எஞ்சினை இரும்பு மேடையில் பூட்டி வைத்து, நாள் பூராவும் ஓட விட்டு, சத்தமும் சூடும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. எஞ்சின் ஆயிரக்கணக்கான மைல் ஓடும். இருந்த இடத்திலேயே இருக்கும்.

என் அப்பா சூசைக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை. அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஒவ்வொரு குழியையும் பெயர் வைத்துக் கூப்பிடாத குறையாகத் தெரிந்தவர். என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் இப்படிச் சொல்வார்:

“எஞ்சின் பக்கத்துல நின்னுக்கினு சத்தம் கேக்கறான். அதுக்கு மாசா மாசம் சம்பளம் குடுக்கறாங்க.”

குறையாகவும் சொல்ல மாட்டார், பெருமையாகவும் சொல்ல மாட்டார். மழை பெய்தது என்று சொல்வது போல இருக்கும்.

பங்குக் கோயிலின் கார் ஒரு பழைய மாருதி. வளைகுடா நாட்டில் வேலை பார்த்த ஒருவர் உபயோகித்துவிட்டு, குடும்பத்தோடு அங்கேயே குடியேறக் கிளம்பும்போது கோயிலுக்குக் கொடுத்தது. வண்டிமேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு சின்னக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய் வருவதற்குச் செய்த கார் அது. ஃபாதர் மரியநாதன் குருமடத்தில் கால்பந்து கோல்கீப்பராக இருந்தவர். அவர் உள்ளே உட்கார்ந்தால் முழங்கால்கள் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் நிற்கும். பின்சீட்டில் நான். முன்சீட்டில், விளக்கும் சிலுவையும் வெள்ளைத் துணியும் அடங்கிய பெட்டி. இந்தப் பாரத்தோடு கார் இரண்டாவது கியரில் ரொம்ப நேரம் யோசிக்கும்.

ஞாயிறு மாலைகளில் அதைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. யாரும் நியமிக்கவில்லை. ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்தேன். அதோடு பொறுப்பு வந்துவிட்டது.

ஒஸ்தி ஆயில்

முடிச்சூர் ரோட்டில் பாஷா பாய் ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். சோழவரத்தில் கார் பந்தயம் நடக்கும்போது வருஷா வருஷம் போய் வேலை செய்தவர் என்று தாம்பரம் முழுக்கப் பேச்சு. அங்கே அவர் தீயணைக்கிற மணல் வாளி பிடித்துக்கொண்டு நின்றவர் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். ஆனால் வளைவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். வேகமான கார் எப்படிச் சத்தம் போடும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். எது அந்த வேகத்தைக் கொடுக்கிறது என்பது மட்டும் கொஞ்சம் மங்கல். அதில் பாதி எனக்குத் தெரிந்திருந்தது. ஆக இருவரும் சேர்ந்தால் ஒரு மெக்கானிக்.

ஃபாதரே காரை ஷெட்டுக்கு ஓட்டி வந்தார்.

“இன்னா சாமி, பிக்கப் வோணுமா, ஸ்பீடு வோணுமா?”

“சாகக் கிடக்கிறவங்க வீட்டுக்கு உயிர் போறதுக்குள்ள போய்ச் சேரணும் பாய்.”

பாஷா பாய் தாடியைத் தடவினார்.

“அப்ப ரெண்டும் வோணும்.”

பானெட்டைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்த்தார். “இந்த எஞ்சினு மூச்சு முட்டிக்கினு கீது சாமி. உள்ள வர்ற காத்தும் பத்தல. வெளிய போற பொகையும் அடைச்சிக்கினு கீது. நல்லா மூச்சு வுட வெச்சோம்னா பறக்கும்.”

எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் வழித்தெடுத்தோம். அதனால் உள்ளே பெட்ரோலும் காற்றும் இன்னும் நெருக்கமாக அமுங்கி, இன்னும் பலமாக வெடிக்கும். காற்று நுழைகிற வழிகளையும் புகை போகிற வழிகளையும் வழவழப்பாக்க வேண்டியிருந்தது. அது என் பங்கு. வேலை முடிந்து வந்து, குச்சியில் எமரித் தாளைச் சுற்றிக்கொண்டு சாயங்காலங்களில் உட்கார்ந்து தேய்த்தேன். விரலை விட்டுத் தடவினால் டீ கிளாஸின் உள்பக்கம் போல இருக்கும்வரை தேய்த்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் தாராளமாக வரும்படி செய்தோம். கடைசியாக பாஷா பாய் பழைய சைலன்சரைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு நேர்க்குழாய் வைத்தார். அதில் அவர் யாரையும் கை வைக்க விடவில்லை.

ஃபாதர் அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஸ்பானர் கேட்டால் எடுத்துத் தருவார். சரியானதை ஒருமுறைகூடத் தந்ததில்லை.

“அந்தோணி, இதுல பாவம் ஏதும் இல்லையே?”

“அதை நான்தான் சாமி உங்களைக் கேக்கணும்.”

யோசித்துவிட்டு, “இல்லைன்னுதான் நினைக்கிறேன்” என்றார்.

ஒருநாள் பாஷா பாய் டேஷ்போர்டைத் துடைக்கும்போது எண்ணெய்ச் சிமிழ் கையில் கிடைத்தது. வெள்ளிச் சிமிழ், கட்டைவிரல் அளவு. திறந்து முகர்ந்து பார்த்தார்.

“இது இன்னா ஆயிலு?”

“அது வண்டிக்கு இல்ல பாய். மனுஷங்களுக்கு. சாகப் போறவங்களுக்குப் பூசறது.”

“எவ்ளோ ஊத்தணும்?”

“ஒரு சொட்டு போதும்.”

பாஷா பாய் மூடியைப் பதமாகத் திருகி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

“அப்ப ஒஸ்தி ஆயிலு.”

கை காட்டினாரா?

கார் தயாரானதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் பொத்தேரி வரை ஓட்டிப் பார்த்தோம். ஃபாதர் ஓட்ட, பக்கத்தில் நான். பாஷா பாய் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு வந்தார்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று சிலிண்டர் எஞ்சினின் சத்தம் இயல்பாகவே கொஞ்சம் கரகரப்பானது. நேர்க்குழாய் வழியாக வந்தபோது, தொண்டை கட்டிய ஒரு பெரிய ஆள் யாரையோ அதட்டிக்கொண்டே வருவது போல இருந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் ‘டப், டப்’ என்று இரண்டு வெடி. வண்டலூர் தாண்டி ஒரு மாட்டு வண்டிக்காரர் தானாகவே ரோட்டை விட்டு இறங்கி நின்றார்.

ஆனால் வண்டி போனது. அதில் சந்தேகமே இல்லை. முன்னால் புகையைக் கக்கிக்கொண்டு போன அரசு பஸ் ஒன்றைத் தாண்டியபோது ஃபாதரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பூசையில் அதை நான் பார்த்ததில்லை.

அந்த பஸ்ஸை ஓட்டியவர் அப்பாவின் பழைய சிநேகிதர். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“சூசை, உங்க சாமியாரு என் வண்டிய ஓவர்டேக் பண்றாரு. அங்கி போட்டுக்கினு. உன் புள்ள பக்கத்துல குந்திக்கினு கீறான்.”

அப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்கவில்லை.

“கை காட்டினாரா?”

“காட்டினாரு.”

“அப்புறம் இன்னா?”

அத்தோடு விசாரணை முடிந்தது. சிநேகிதர் டீ குடித்துவிட்டுப் போனார். அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என்னை இறக்கிவிட வாசலில் வந்து நின்ற காரைப் பார்க்கவும் வரவில்லை. ‘பஸ்ஸைவிடச் சின்ன வண்டியில நான் ஏறுறதில்லை’ என்பது அவர் கொள்கை. கல்யாணத்துக்கே பஸ்ஸில் போய் இறங்கியவர்.

காபி சாப்பிடுங்க சாமி

அதன் பிறகு ஃபாதர் எங்கும் தாமதமாகப் போகவில்லை. சொல்லப்போனால் சீக்கிரமாகப் போனார். அதில் வேறு விதமான கஷ்டங்கள் இருந்தன.

ஒரு வீட்டில் டாக்டர் வருவதற்கு முன்பே ஃபாதர் வந்துவிட்டார். நோயாளியின் மனைவி கையைப் பிசைந்தாள்.

“இன்னும் அவ்ளோ சீரியஸ் ஆகல சாமி. கொஞ்சம் உக்காருங்க. காபி சாப்பிடுங்க.”

ஃபாதர் உட்கார்ந்து காபி குடித்தார், பேப்பர் படித்தார். கட்டிலில் இருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். சாமியார் இன்னும் போகவில்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார். டாக்டர் வந்து ஊசி போட்டார். ஆள் பிழைத்தார்.

இதற்குள் அந்தச் சத்தம் ஊருக்குப் பழகிவிட்டது. கார் தெருமுனையில் திரும்பினால் பெண்கள் கேட்டுக்கு வந்து நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள். யார் வீடு என்று எட்டிப் பார்ப்பார்கள். கார் நிற்காமல் தாண்டிப் போனால், தாண்டிப் போன வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். இந்துக்கள் வீட்டிலும் விட்டார்கள். யாரோ அதற்கு ‘அவஸ்தை வண்டி’ என்று பெயர் வைத்தார்கள். ஃபாதர் ரொட்டி வாங்கப் போனாலும் அதே வண்டி, அதே சத்தம்தான். இதை நாங்கள் யோசிக்கவில்லை.

உச்சகட்டம் கீழ்க்கட்டளையில் நடந்தது.

அங்கே ஒரு ரிட்டையர்டு ரயில்வே கார்டு வாரக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தார். கஞ்சிகூட இறங்கவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை ஃபாதர் அடுத்த வீட்டை மந்திரிக்கப் போனார். புது வீடு, புதுப் பெயிண்ட், லட்டு எல்லாம் தயார். கார் தெருவில் நுழைந்து, கார்டு வீட்டு ஜன்னலுக்கு நேராக இரண்டு வெடி வெடித்து நின்றது.

“யாருக்குடி?” என்றாராம் மனைவியிடம்.

அந்த அம்மாளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. “தெரியலியே” என்றிருக்கிறாள்.

கார்டு எழுந்தார். லுங்கியை இறுக்கிக் கட்டினார். துண்டைத் தோளில் போட்டார். பின்கதவைத் திறந்துகொண்டு, பச்சைக்கொடிக்குக் காத்திருக்காமல் கிளம்பி, இரண்டு தெரு தள்ளியிருந்த மகள் வீட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார். அங்கே இட்லி கேட்டுச் சாப்பிட்டார். பிறகு பல வருஷம் நன்றாக இருந்தார். ஞாயிறு பூசைக்கு மட்டும் வேறு கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்.

இதைக் குணமளித்தலில் சேர்ப்பதா என்று ஃபாதர் கொஞ்ச நாள் குழம்பினார்.

பேரவைத் தீர்மானம்

கோயில் காரியங்களைப் பேசி முடிவெடுக்கிற பங்குப் பேரவை கூடியது. மாமியாருக்குப் பிரஷர் ஏறுகிறது என்றார் ஒரு பெண்மணி. தன் நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவதில்லை என்றார் பேரவைச் செயலாளர்.

“லேட்டா வர்றேன்னு சொன்னதும் நீங்கதான்” என்றார் ஃபாதர்.

“லேட்டா வர வேணாம் ஃபாதர். பட், சைலன்ட்டா வாங்க.”

பழைய சைலன்சரை மறுபடி மாட்டுவதென்று தீர்மானம் நிறைவேறியது. பாஷா பாய் அதை ஷெட் மூலையிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார். “ரேஸ் வண்டிய பால் வண்டி பண்ணிட்டீங்களே சாமி” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். 

வண்டியின் வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் வேறொன்று குறைந்துபோனது ஃபாதருக்குத்தான் முதலில் தெரிந்தது. முன்பெல்லாம் சத்தம் கேட்டதும் வீட்டில் மேஜையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, தலையில் முக்காடு போட்டுத் தயாராக நிற்பார்கள். இப்போது திடீரென்று வாசலில் ஒரு சாமியார் முளைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போன வீட்டில் டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே அங்கே உட்கார்ந்திருந்தது. ஃபாதர் தோளில் ஊதாப் பட்டையோடு கூடத்தில் நின்றார். யாரும் திரும்பவில்லை. நோயாளியும் தலையணையில் சாய்ந்து படம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதரைக் கண்டதும் கையால் சைகை காட்டினார்: கிளைமாக்ஸ் முடியட்டும்.

ஃபாதர் ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படம் நன்றாக இருந்ததாம்.

அப்பா கேட்டது

அந்த மழைக்காலத்தில் அப்பா படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னார்கள். அப்படிச் சொன்ன டாக்டர் ரொம்ப இளைஞர். என் முகத்தைப் பார்க்காமல் என் சட்டைப் பாக்கெட்டில் இருந்த பேனாவைப் பார்த்துச் சொன்னார்.

எங்கள் வீடு செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். ஈஸிசேர் இருந்த இடத்தில் கட்டிலைப் போட்டோம். அப்பா மூச்சு விடுவது வெளியே வரை கேட்டது. நாள் பூராவும் எஞ்சின் சத்தம் கேட்டுப் பிழைக்கிறவன் நான். அது எப்படிப்பட்ட சத்தம் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அம்மா மெல்ல ஆரம்பித்தாள். “சாமியாரை வரச் சொல்லட்டுமா?”

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“அந்த வண்டி இப்ப சத்தம் போடறதில்லியாமே?”

“இல்லப்பா. சைலன்சர் மாட்டிட்டோம்.”

“அப்ப வரவேணாம்.”

“என்னங்க இது...” என்றாள் அம்மா.

அவருக்கு இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. “வளைவுல... ஹாரன் அடிக்காத வர்றவனை... நான் மதிச்சதே இல்ல. படுத்துக்கினு கீறவன் தலைமாட்ல... பூனை மாதிரி வந்து நிக்கறதா? வர்றது எனக்குத் தெரியணும்.”

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஃபாதரிடம் சொன்னேன். அவர் பேரவைத் தீர்மானத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

“கழட்டு. பேரவையை நான் பாத்துக்கறேன்.”

பாஷா பாய் ஷெட்டில் வேறொரு வண்டிக்கு அடியில் இருந்தார். காலைப் பார்த்துத்தான் பேசினேன்.

“பாய், நேர்க்குழாயைத் திரும்ப மாட்டணும்.”

“யாருக்கு?”

“எங்கப்பாவுக்கு.”

வெளியே வந்தார். கையைத் துடைத்தார். செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு குழாயை மாட்டினார். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, மறுபடி ஒருமுறை முறுக்கினார்.

“நல்லா கேக்கும்பா. ஏரிக்கு அந்தாண்டயிலேர்ந்தே கேக்கும். நீ வூட்டுக்குப் போ.”

ஏரிக்கரை

ஃபாதர் கிளம்புவதற்கு முன்பே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, நான்கு மூலையையும் மறுபடி மறுபடி நீவிக்கொண்டிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானத் தூக்கத்தில் தெரு அடங்கிக் கிடந்தது.

முதலில் அப்பாவுக்குத்தான் கேட்டது. விரல் அசைந்தது. பிறகு எனக்கும் கேட்டது. ஏரித் தண்ணீர் மேல் தவழ்ந்து வருகிற மாதிரி, தூரத்தில் ஒரு கரகரப்பு.

அது வரை அந்தச் சத்தத்தை நான் வண்டிக்குள் உட்கார்ந்துதான் கேட்டிருந்தேன். வீட்டுக்குள் இருந்து கேட்டது அதுவே முதல் தடவை. என் கையால் தேய்த்து வழவழப்பாக்கிய எஞ்சின் அது. அதன் ஒவ்வொரு மூச்சும் எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டுக்கு வருகிறது என்பது மட்டும் அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. 

அப்பா கண்ணை மூடியபடியே சொன்னார். “கரை மேல ஏறிட்டாரு.”

“ஆமாப்பா.”

“தேர்டு கியரு.”

“ஆமா.”

“இப்ப செகண்டு போடணும்.” மூச்சு வாங்கினார். “வளைவு வருது. போடணும்... போடணும்...”

வெளியே எஞ்சின் திணறி, பிறகு உறுமியது.

“லேட்டு” என்றார் அப்பா.

டப், டப். கார் வாசலில் நின்றது. தெருவில் கேட்டுகள் திறக்கும் சத்தம். எதிர்வீட்டு அம்மாள் யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது: “டிரைவருக்கு.”

ஃபாதர் உள்ளே வந்தார். எங்களை வெளியே போகச் சொன்னார். நானும் அம்மாவும் வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றோம். பானெட்டிலிருந்து சூடு வந்துகொண்டிருந்தது. உள்ளே அப்பாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஆரம்பத்திலேயே ஒருமுறை ஃபாதர் கொஞ்சம் உரக்க, “அப்படியா சொல்றீங்க?” என்றார். 

கூப்பிட்டதும் உள்ளே போனோம். ஃபாதர் அப்பாவின் நெற்றியில் எண்ணெய் பூசினார். கைகளைத் திருப்பி உள்ளங்கைகளில் பூசினார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள். எண்ணெய் உடனே உள்ளே இறங்காமல் மினுங்கிக்கொண்டு நின்றது. ஃபாதர் கட்டைவிரலால் தேய்த்துவிட்டார்.

மறுநாள் விடிந்து, பால்காரர் மணி அடித்துக்கொண்டு தெருவுக்குள் வரும்போது அப்பா போய்விட்டார். சிரமப்படவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கல்லறையிலிருந்து கலைந்தார்கள். பாஷா பாய் மதில் ஓரமாக நின்றுவிட்டுப் போனார். நான் குழாயடியில் கையிலிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபாதர் காரில் சாய்ந்தபடி எனக்காகக் காத்திருந்தார். முகம் சரியாக இல்லை. துக்கம் என்று நினைத்தேன். துக்கமும் இருந்தது.

“அந்தோணி, ஒண்ணு சொல்லணும். மனசுலயே வெச்சுக்கிட்டு இருக்கேன்.”

“பாவசங்கீர்த்தனத்துல சொன்னதா சாமி? அதை நீங்க வெளிய சொல்லக் கூடாதே...”

“இல்ல, இல்ல. அதுக்கு முன்னாடி. சிலுவை போட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. அதனால வெளிய சொல்லலாம். நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

ஃபாதர் அங்கியிலிருந்த மண்ணைத் தட்டினார்.

“‘பையன் வண்டிய நல்லா செஞ்சிருக்கான் சாமி. ஓட்டுறவருதான் சரியில்ல’ன்னாரு.” குரலில் மனத்தாங்கல் தெரிந்தது. “பதினெட்டு வயசுலேர்ந்து ஓட்டறேன் அந்தோணி. சாகக் கிடக்கிற மனுஷன் சாமியாரைப் பாத்துப் பேசற பேச்சா இது?”

நான் குழாயை மூடினேன்.

“இன்னொரு தடவை சொல்லுங்க சாமி” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.  அப்புறம் முதல் பாதியை மட்டும் திரும்பச் சொன்னார்.